லாச்சப்பல் என்றொரு பங்கு

எங்களுக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிறு. வேலை செய்கிற றெஸ்ரோறன்ட் பூட்டியிருக்கும் நாள் அது. லாக்கூர்நெவ் அறையிலிருந்து நாலு பேருமாகப் புறப்பட்டு லாச்சப்பலுக்கு வருவோம். தலைமயிர் வெட்டுவது, ஊருக்குக் காசு அனுப்புவது, முருங்கைக்காயும் மீனும் வாங்குவது, ஒரு பிளேன்ரீயோடு இரண்டு மணித்தியாலம் நின்று கதைப்பது. இவ்வளவும்தான் எமது வாராந்த வழிபாடு.

கடந்த மாரியில் ஒரு திங்கள், எங்களில் ஒருவன் மெழுகுதிரி கொளுத்த ஒரு கோயில் வேண்டும் என்றான். தாயார் செத்து ஒரு வருடம். செத்தவீட்டுக்கும் போகவில்லை, வருடத்துக்கும் போகமுடியாது. மெத்ரோப் பாலத்தைத் தாண்டி வடக்கே மார்க்ஸ் டோர்முவா வீதியால் பதினைந்து நிமிடம் நடந்தோம். வீதியின் பெயர் 'றூ து லா சப்பல்' என்று மாறுகிற இடத்துக்கு அப்பால் பழைய கோயில் ஒன்று இருந்தது. வாசலில் ஜான் தார்க்கின் சிலை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஜோன் ஒவ் ஆர்க் என்று நாங்கள் படித்த அதே பெண்.

உள்ளே பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வயதான பிரெஞ்சுப் பெண்மணி, எங்களைப் பார்த்ததும் அன்பாகத்தான் கேட்டார்:

"ஐயாமாரே, நீங்கள் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களா?"

"நாங்கள் லாச்சப்பல்" என்று சொன்னோம். இருப்பது லாக்கூர்நெவ். ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது.

"லாச்சப்பலில் எங்கே?"

கடைகள் இருக்கும் தெருக்களைச் சொன்னோம். போபூர் சென் தெனி, பெர்டொனே, காய்... அவர் சிரித்தார். "அது லாச்சப்பல் இல்லையே. அது பாரிஸ் 10. லாச்சப்பல் புல்வாருக்கு இந்தப் பக்கம்."

வெளியே வந்ததும் மெழுகுதிரி கொளுத்தியவன் கேட்டான்: "மச்சான், அப்ப இவ்வளவு வருசமும் நாங்கள் எங்கை வந்து போனனாங்கள்?"

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவர். முடிக்காத படிப்புக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று, வந்த திங்கட்கிழமைகளில் நூலகங்களில் போய் இருந்தோம். எங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் தேடியறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

'சப்பல்' என்றால் சிற்றாலயம். பாரிஸுக்கு வெளியே, பாரிஸிலிருந்து சென் தெனி மடத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஒரு சிற்றாலயத்தைச் சுற்றி வளர்ந்த கிராமம் இது. இன்றிருக்கும் கோயிலின் பழைய தூண்கள் 13ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கிராமத்தின் நிலப்பிரபு சென் தெனி மடம். பிரான்ஸின் அரசர்கள் செத்தபின் புதைக்கப்படுவது அந்த மடத்தில்தான். ஆகவே அரசர்களின் பிரேத ஊர்வலங்கள் இந்தக் கிராமத்தின் ஒரேயொரு பெருந்தெருவால்தான் போயின.

மேற்கே சரிவில் திராட்சைத் தோட்டங்கள். அங்கே விளைந்த வெள்ளை வைனின் நிறத்தால் 'கூத் தோர்', பொன்துளி, என்று பெயர் வந்ததாம். வடக்கே சென் தெனி வரைக்கும் வெளி. அந்த வெளியில் யூன் மாதத்தில் 'லாந்தி' என்ற பெருஞ்சந்தை கூடும். பாரிஸ் பல்கலைக்கழகம் தனக்கு வேண்டிய எழுதுதோலை அங்கேதான் வாங்கிற்று. றெக்டரும் மாணவர்களும் ஊர்வலமாக இந்தத் தெருவால் சந்தைக்குப் போவார்கள்.

அந்தக் காலத்தில் பங்கு என்பது படத்தில் கீறிய கோடு அல்ல. எந்த வயலின் தசமபாகம் எந்தக் கோயிலுக்குப் போகிறதோ, அந்த வயல் அந்தப் பங்கு. எந்த மணிக்கு எந்த வீடு எழும்புகிறதோ, அந்த வீடு அந்தப் பங்கு. வசந்த காலத்தில் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களும் பிரெஞ்சுக் கிராமங்களில் குருவானவர் சிலுவையோடு முன்னே போக, சனம் பின்னே வயல் வெளியைச் சுற்றிவரும். விளைச்சலுக்காகச் செய்யும் வேண்டுதல் அது. ஆனால் வருடா வருடம் கால்களால் நடந்து நடந்துதான் எல்லையும் ஞாபகத்தில் இருந்தது.

1429 செப்ரெம்பர் 7ம் திகதி இரவு ஜான் தார்க் இந்தக் கோயிலில் செபித்ததாகச் சொல்கிறார்கள். அப்போது பாரிஸ் ஆங்கிலேயரதும் அவர்களது கூட்டாளிகளதும் கையில். மறுநாள் அவள் சென் ஒனோரே வாசலைத் தாக்கினாள். தொடையில் அம்பு பாய்ந்தது. நகரத்துக்குள் போகமுடியவில்லை. பாரிஸின் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் லாச்சப்பலில் இராத்தங்குவது அன்றே தொடங்கியிருக்கிறது.

*

பங்கின் எல்லையைக் கல்லில் கட்டியது மதமல்ல, வரி. 1780களின் நடுப்பகுதியில் அரசரின் வரிக்குத்தகைக்காரர்கள் பாரிஸைச் சுற்றி ஒரு மதில் எழுப்பினார்கள். 24 கிலோமீற்றர் நீளம், மூன்று மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரம். எதிரியைத் தடுக்கவல்ல, நகரத்துக்குள் போகும் வைனுக்கும் இறைச்சிக்கும் விறகுக்கும் தீர்வை அறவிட. வாசல்களில் சுங்கச்சாவடிகள். லாச்சப்பல் கிராமம் மதிலுக்கு வெளியே நின்றது. வெளியே தீர்வை இல்லாததால் வைன் மலிவு. பாரிஸின் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் மதில் தாண்டிக் குடிக்க வந்தார்கள். திராட்சைத் தோட்டக் கிராமம் குடிகடைக் கிராமமாயிற்று.

1789 யூலையில் சனம் பஸ்தீயைத் தாக்குவதற்கு முந்திய நாட்களிலேயே இந்தச் சுங்கச்சாவடிகளில் பலவற்றைக் கொளுத்தியது. தப்பியவற்றில் ஒன்று இன்றும் ஸ்ராலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்தில் வட்டக் கட்டடமாக நிற்கிறது. அதற்குமுன் நாங்கள் எத்தனையோ தரம் பஸ் பார்த்து நின்றிருக்கிறோம், அது ஒரு எல்லைக் காவலரண் என்று தெரியாமல்.

1790இல் லாச்சப்பல் ஒரு கொம்யூன் ஆயிற்று. பங்குத்தந்தையின் இடத்துக்கு மேயர் வந்தார். 1792 செப்ரெம்பரில் பிறப்பு, கலியாண, இறப்புப் பதிவேடுகள் கோயிலிலிருந்து நகரசபைக்குப் போயின. மறுவருடம் பக்கத்துச் சென் தெனியின் பெயரில் புனிதரே இருக்கக்கூடாதென்று அந்த ஊர் 'பிரான்சியாத்' ஆயிற்று. புரட்சி போனது, பெயர் திரும்பி வந்தது. பங்கின் எல்லையும் கொம்யூனின் எல்லையும் அப்போதைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சனமும் அதே சனம்.

*

கிராமத்தைக் கிராமமாக இருக்கவிடாமல் செய்தது ரயில். 1846இல் கார் து நோர் திறந்தது, 1849இல் கார் து லெஸ்த். இரண்டு நிலையங்களின் தண்டவாளங்களும் லாச்சப்பலின் இரு பக்கத்தாலும் வடக்கே ஓடின. வயல் இருந்த இடத்தில் பட்டறைகளும் பொருட்சாலைகளும் வந்தன. நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள், பாரிஸில் வாடகை கொடுக்க இயலாமல் மதிலுக்கு வெளியே அறை எடுத்தார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு கிராமமாக இருந்த ஊரில் 1856இல் 30,000க்கு மேற்பட்ட சனம். பழைய கோயில் போதவில்லை. பங்கை வெட்டிக் கூத் தோர் பக்கத்துக்குச் சென் பெர்னார் என்றொரு புதுக்கோயில் கட்டினார்கள். 1858இல் அத்திவாரம் போட்டபோது அது கிராமத்துக் கோயில். 1861இல் முடிந்தபோது பாரிஸ் கோயில்.

இடையில் நடந்தது இதுதான். 1841க்கும் 1844க்கும் இடையில் தியேர் என்ற அமைச்சரின் பெயரால் அறியப்படும் இரண்டாவது மதில், இம்முறை பீரங்கிகளுக்கான கோட்டை மதில், இன்னும் வடக்கே எழுந்தது. அது லாச்சப்பல் நிலத்தை இரண்டாக வெட்டிற்று. பிறகு 1859 யூன் 16ம் திகதிச் சட்டம். 1860 ஜனவரி 1ம் திகதி முதல் பாரிஸின் எல்லை இந்தப் புதிய மதில். பன்னிரண்டு வட்டாரங்கள் இருபது ஆயின. பதினொரு கொம்யூன்கள் இல்லாமற் போயின. லாச்சப்பல் அதிலொன்று. கோட்டைக்குள் இருந்த நிலம் பாரிஸுக்குப் போயிற்று. வெளியே மிஞ்சியதைச் சென் தெனி, சென் துவான், ஓபெர்வில்லியே என்ற மூன்று அயலூர்களும் பிரித்துக்கொண்டன. பழைய வரிமதிலை உடைத்தார்கள். அது இருந்த கோட்டில் இன்று புல்வார் து லா சப்பல் ஓடுகிறது. அதன்மேல் 1903இலிருந்து மெத்ரோ பறக்கிறது.

எமில் ஸோலா 1877இல் வெளியிட்ட 'லசொம்வார்' நாவலின் தொடக்கத்தில், இந்தப் புல்வாரில் ஒரு மலிவு ஹொட்டேல் யன்னலால் ஜெர்வேஸ் என்ற பெண் மதிலையும் வாசலால் வேலைக்குப் போகும் கூட்டத்தையும் பார்த்து நிற்கிறாள். நாட்டுப்புறத்திலிருந்து பிள்ளைகளோடு வந்தவள், உடுப்புத் தோய்த்துப் பிழைப்பவள். எங்கள் வாசிப்பு முழுவதிலும் எங்களுக்கு ஆகத் தெரிந்த முகம் அவளுடையதுதான். நாங்கள் கோப்பை கழுவுகிறோம், அவள் உடுப்புத் தோய்த்தாள்.

*

இன்னொரு விடயம் எங்களை நிறுத்தி வைத்தது. 1871 மே மாதம், பாரிஸ் கொம்யூன் எழுச்சி நசுக்கப்பட்ட நாட்களில், நகரசபை மாளிகை எரிந்தது. பாரிஸின் 1860க்கு முந்திய பிறப்பு, கலியாண, இறப்புப் பதிவுகள் ஏறக்குறைய 80 இலட்சம் சாம்பலாயின. பிரதிகள் வைக்கப்பட்டிருந்த நீதிமன்றப் பக்கமும் எரிந்தது. அடுத்த வருடம் ஒரு சட்டம் இயற்றி, சனத்திடம் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களையும், கோயில்களிடம் ஞானஸ்நானக் குறிப்புகளையும் கேட்டுவாங்கித் திரும்ப எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது.

தான் பிறந்ததை நிரூபிக்கக் கடுதாசி இல்லாமல் ஒரு பாரிஸ்காரன் அலைந்த காலமும் இருந்திருக்கிறது! எங்களில் யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில் ஒரு கதை வைத்திருப்பான். எரிந்த கச்சேரி, ஷெல் விழுந்த வீடு, வள்ளத்தில் நனைந்த பை. ஆனால் இங்கே அரசே எழுந்து, உன்னிடம் என்ன இருக்கிறதோ கொண்டுவா, நாங்கள் நம்புகிறோம் என்று சொல்லியிருக்கிறது. அதைத்தான் நாங்கள் இரண்டு தரம் வாசித்தோம்.

*

மெழுகுதிரி கொளுத்தியவனைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். அவன் மயிலிட்டி. மயிலிட்டிப் பங்கு என்றுதான் தன்னைச் சொல்லுவான். ஆனால் மயிலிட்டியில் அவன் பிறக்கவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் சில நாட்களுக்குள் வெளிக்கிட்டது. அவன் அடுத்த வருடம் சுன்னாகத்தில், யாரோ ஒருவரின் காணியில் போட்ட கொட்டிலில் பிறந்தான். வளர்ந்தது முகாமில். கடலைப் பிறகுதான் கண்டான்.

மயிலிட்டியும் ஒரு பழைய பங்குதான். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தபின் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்தார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் கோயில்களின் சமயத்தை மாற்றினார்கள், கோயிற்பற்றை மாற்றவில்லை. பல்தேயு என்ற ஒல்லாந்தப் போதகர் 1672இல் அச்சிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில் என்று ஒவ்வொரு கோயிற்பற்றாக விபரிக்கிறார். தோம்பில் காணி பதிந்ததும் கோயிற்பற்று வாரியாகத்தான். சைவர்களும் அந்தப் பற்றுக்குள்தான் பதியப்பட்டார்கள். அந்நியன் வரி அறவிடவும் ஆள் எண்ணவும் கீறிய எல்லைகள், பிறகு எங்கள் சொந்த ஊர்ப்பெருமையாயின. எங்கள் ஊர்ச்சண்டைகளில் பாதி அந்த எல்லைகளுக்காக.

1990க்குப் பிறகு மயிலிட்டியின் எல்லைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விசித்திரம். வரைபடத்தில் அது இருந்தது. கிராம அலுவலர் பிரிவு இருந்தது. அலுவலர் வேறு ஊரிலிருந்து கடமை பார்த்தார். கடிதங்களில் ஊர்ப்பெயர் இருந்தது. சனம் மட்டும் உள்ளே இல்லை. 27 வருடங்களின் பின், 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தையும் அதையண்டிய ஒரு பகுதி நிலத்தையும் விட்டார்கள். அவனுடைய தாயார் போய்ப் பார்த்தா. வீடு இருந்த இடம் தெரியவில்லை, கிணற்றைக் கொண்டுதான் வளவை அடையாளம் கண்டதாகத் தொலைபேசியில் சொன்னா. வலிகாமம் வடக்கில் காணிகள் இன்னும் முழுவதும் விடுபடவில்லை.

லாச்சப்பலையும் மயிலிட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இங்கே ஒரு சட்டம் எல்லையை அழித்தது, நிலத்தை நாலாகப் பிரித்தது, பெயரைக்கூட அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆனால் 1860 ஜனவரி 2ம் திகதி காலையிலும் அதே வெதுப்பகத்தில் அதே ஆள் பாண் சுட்டான். கோயில் மணி அதே வீடுகளை எழுப்பிற்று. அங்கே எல்லை ஒரு அங்குலமும் அசையவில்லை. மணியைக் கேட்க ஆளில்லை. ஊர் எதிலே இருக்கிறது என்று எங்களைக் கேட்டால், எல்லையில் இல்லை என்பதை மட்டும் இந்த இரண்டு இடங்களையும் காட்டிச் சொல்லுவோம்.

*

அப்படியானால் பங்குக்கு யார் சொந்தம்? இந்தக் கேள்வி லாச்சப்பலில் ஒருமுறை கோடரியால் கதவில் தட்டப்பட்டது. 1996 யூன் 28ம் திகதி, சென் பெர்னார் கோயிலுக்குள் சுமார் 300 ஆபிரிக்கர்கள் புகுந்து தங்கினார்கள். வதிவிடப் பத்திரம் இல்லாதவர்கள், பெரும்பாலும் மாலி நாட்டவர், பலர் முஸ்லிம்கள். பத்துப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஓகஸ்ட் 23ம் திகதி காலை பொலிஸ் கோயில் கதவைக் கோடரியால் பிளந்து எல்லோரையும் வெளியேற்றியது. அன்று எங்களில் எவரும் பாரிஸில் இல்லை. ஆனால் எங்களுக்கு முன் வந்த அண்ணன்மார் தங்கள் கார்ட் காலாவதியாகும் திகதியை அன்றைக்கு இன்னொருமுறை எடுத்துப் பார்த்ததாகச் சொல்லுவார்கள். 

2015 யூனில் மெத்ரோப் பாலத்தின் கீழிருந்த கூடாரங்களை அகற்றினார்கள். சூடானியர், எரித்திரியர் என்று சில நூறு பேர். பழைய வரிமதில் நின்ற அதே கோட்டில் படுத்திருந்தவர்கள். அடுத்த வருடம் நொவெம்பரில், இரண்டாவது மதில் நின்ற போர்த் து லா சப்பலில் அகதிகளுக்கென ஒரு காற்றுக் கூடாரம் எழுந்தது. 2018 மார்ச்சில் அதுவும் எடுபட்டது. இப்போது அந்தப் பக்கத்தில், 2024 ஒலிம்பிக்கில் பூப்பந்து நடந்த புது விளையாட்டரங்கு நிற்கிறது. மதில்கள் போய்விட்டன. மதில் வாசலில் காத்திருப்பவர்கள் மட்டும் மாறிமாறி வந்துகொண்டிருக்கிறார்கள்.

*

இனி எங்கள் லாச்சப்பல். அந்தப் பெண்மணி சொன்னது சரி. எங்கள் கடைகள் பெரும்பாலும் புல்வாருக்குத் தெற்கே, பாரிஸ் 10இல். அந்தத் தெருக்கள் லாச்சப்பல் கொம்யூனுக்குள் இருந்தவையல்ல. வரிமதிலுக்கு உட்பக்கம், பாரிஸின் நிலம். 1980களில் வந்த எம்மவர்கள், கார் து நோருக்குப் பக்கத்தில் மலிவான கடையிடம் கிடைத்த தெருக்களில் தொடங்கினார்கள். மெத்ரோவால் இறங்கினால் பலகையில் 'லா சப்பல்' என்றிருந்தது. அந்த மெத்ரோ நிலையம் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. வடக்குக் கிராமத்தின் பெயரை எடுத்துத் தெற்குத் தெருக்களுக்கு நாங்கள் சூட்டிவிட்டோம். சட்டமில்லை, வர்த்தமானி இல்லை. "லாச்சப்பலுக்கு வாறியோ?" என்று ஆயிரம் பேர் கேட்டுக் கேட்டே ஒரு எல்லை நகர்ந்திருக்கிறது.

இந்தப் பங்கில் குடியிருப்பவர்கள் குறைவு. வாடகை கட்டாது. சனம் லாக்கூர்நெவ், பொபினி, சார்செல் என்று சிதறியிருக்கிறது. எட்டு மணிக்குக் கடை பூட்டினால் பங்குமக்கள் ரயிலேறிப் போய்விடுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, பங்கு பொதுவாக நிலத்தால் அமைவது என்று சொல்லிவிட்டு, மொழியாலோ இனத்தாலோ அமைந்த பங்கும் இருக்கலாம் என்கிறது. எங்களுக்குத் தெரிந்த மட்டில், அது எழுதப்பட்ட ஆண்டிலிருந்து அப்படியொரு பங்கு இங்கே கூடத் தொடங்கிவிட்டது. அதிலே சைவர்கள் அதிகம் என்பதுதான் வித்தியாசம்.

மாணிக்க விநாயகர் கோயில் 1985இல் தொடங்கியது. இப்போது பஜோல் வீதியில், புல்வாருக்கு வடக்கே, பழைய கிராமத்து நிலத்தில் இருக்கிறது. ஓகஸ்ட் கடைசியிலோ செப்ரெம்பர் தொடக்கத்திலோ தேர் புறப்படும். புல்வாரைக் கடந்து தெற்கே எங்கள் தெருக்களுக்குள் வரும். பெர்டொனே, போபூர் சென் தெனி என்று சுற்றித் திரும்ப வடக்கே போகும். ஒவ்வொரு கடை வாசலிலும் மஞ்சள் பூசிய தேங்காய்க் குவியல். வரிமதில் நின்ற இடத்தில் வடம் பிடித்தவர்கள் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவார்கள். கிராமத்தையும் நகரத்தையும் பிரித்த கோட்டை இப்படிச் சுற்றிச் சேர்த்துக் கட்டுகிற ஊர்வலம் வேறு எதுவும் இப்போது நடப்பதாக எங்களுக்குத் தெரியாது. வயலைச் சுற்றிச் சிலுவையோடு நடந்த பழைய பங்குமக்கள் கண்டால், தெய்வம் வேறு என்றாலும் வேலை என்னவென்று அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

கடந்த தேருக்கு நாங்கள் நாலு பேரும் விடுப்புக் கேட்டோம். இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. மயிலிட்டிக்காரனுக்குக் கிடைத்தது. கத்தோலிக்கன், ஆனாலும் வடம் பிடித்தான். சுற்று முடிந்ததும் வடக்கே நடந்து அந்தப் பழைய கோயிலுக்குப் போய்த் தாயாருக்கு இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினானாம். பூச்சாடிப் பெண்மணி நின்றிருக்கிறார். இவனுடைய நெற்றியில் யாரோ பூசிவிட்ட திருநீறு அழியாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. இவன்தான் போய்ச் சொல்லியிருக்கிறான்:

"மதாம், நான் மயிலிட்டிப் பங்கு."

அது எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். பிரெஞ்சில் விளங்கப்படுத்த அவனுக்கு இயலவில்லை. ஆறு மணிக்கு வேலை. மெத்ரோ எடுத்து ஓடிவந்துவிட்டான். அவன் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதியிருக்கிறோம்.